நாற்பத்திரண்டு படியும் என் ஆன்டெனாவும்

எங்கள் சைனிக்புரி காலனியின் தண்ணீர்த் தொட்டிமேல் நிற்கும் ஆன்டெனாவை வைத்தவள் நான்தான். இறக்கமாட்டேன் என்றவளும் நான்தான். பிடிவாதக்காரி என்று பெயர் வாங்கிவிட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

தொட்டிக்கு நாற்பத்திரண்டு படி இரும்பு ஏணி. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வாட்ச்மேன் தினம் நான்கு முறை ஏறுவார். அவருக்கும் என் வயதுதான், அறுபதைத் தாண்டியாயிற்று. ஒரு மழைநாளில் கால் வழுக்கி, நடு ஏணியில் இரண்டு கையால் தொங்கினார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அமெச்சூர் ரேடியோ உரிமமும் உண்டு. தொட்டிக்குள் ஒரு மிதவை, பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி, அதற்கு மேலே இந்த ஆன்டெனா வைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி தண்ணீர் அளவைச் சொல்லும்; என் வீட்டுக் கணினியில் அது ஒரு வரியாக வந்து விழும். நான் இங்கிருந்து கட்டளை அனுப்பினால் கீழே மோட்டார் ஓடும். 'கிடைத்தது' என்று பதில் வராவிட்டால் கட்டளை தானாக மறுபடி போகும். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் உரிமத்தோடு எனக்குக் கொடுத்த அழைப்புக்குறி இருக்கும். அனுப்பியது யார் என்று எங்கள் ரேடியோ உலகில் மழுப்ப முடியாது.

என் கெட்டிக்காரத்தனமே என் காலை வாரிவிட்டது. செய்தியில் ஓர் எழுத்தைக்கூட வீணாக்காதே என்று வருடக்கணக்கில் பழகிய புத்தி. 'ஓடு', 'நில்' என்று இரண்டு கட்டளை எதற்கு, 'மாறு' என்று ஒன்றே போதாதா? ஓடினால் நிற்கும், நின்றால் ஓடும். ஒருநாள் விடிந்ததும் கட்டளை அனுப்பினேன். மோட்டார் ஓடியது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது. கட்டளை இரண்டாம் முறை போக, மோட்டார் சமர்த்தாக நின்றுவிட்டது. இந்த முறை 'கிடைத்தது' என்று பதில் வரவே, ஓடுகிறது என்று நம்பி நான் பால் வாங்கப் போய்விட்டேன். எல்லோரும் பல் தேய்க்கும் நேரத்தில் காலனி முழுக்கக் குழாய்கள் காற்றைக் கக்கின.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியடியில் கூட்டம் போட்டார்கள். கிளம்பும்போது கணவர், "பேசாம கழட்டிக் குடுத்துடு. எதுக்கு வம்பு?" என்றார்.

"அந்த ஏணியில நீங்க ஒரு தடவை ஏறியிருக்கீங்களா?" என்றேன். பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சங்கச் செயலாளர் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். 'எதுக்கு' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று அந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்து வரும். "கைக்கு மேடம் இந்த வேலை? ஆன்டெனா நக்கோ. முன்ன மாதிரி வாட்ச்மேன் ஏறிப் பாக்கட்டும்."

"தப்பு என்னோடது. கட்டளைய ரெண்டா பிரிச்சுட்டேன். இனிமே எத்தன தடவ போனாலும் 'ஓடு'ன்னா ஓடத்தான் செய்யும்."

யார் காதிலும் ஏறவில்லை. கழற்றுவதற்கு ஆதரவாகக் கைகள் உயர்ந்தன. தோற்றுப்போனேன். ஓரமாக நின்ற வாட்ச்மேன் முழங்காலைத் தடவிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, முடிவு உங்களோடது. கழட்டறதும் நீங்களே கழட்டுங்க. வாட்ச்மேன அனுப்பக் கூடாது. கை தூக்கினவங்கள்ல யாராவது ஏறுங்க" என்று சொல்லி, ஸ்பானரை ஏணியின் முதல் படியில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன்.

செயலாளர் மட்டும் முன்னால் வந்தார். ஆறு படி ஏறினார். கீழே பார்த்தார். இறங்கி வந்து, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார்.

ஸ்பானர் துருப்பிடித்துவிட்டது. இன்னும் முதல் படியில்தான் தொங்குகிறது.