மானின் வாயில் வைத்த கிளை

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அது இருக்கிறது என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். ஜேர்மனியில், பீலெஃபெல்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில், மகளின் அறையில், சுவரோடு இறுக்கிப் பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் அது நிற்கிறது. போன கோடையில் ஒரு பகல் அழைப்புமணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இளைஞர் ஒருவர், துப்பாக்கி ஒழுங்காகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி, சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்டார். அலுமாரியைத் திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியுமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றேன். அதுதான் சட்டப்படி சரியான பதில் என்று பாராட்டினார். நான் நீட்டிய தேநீர்க் கோப்பை தட்டில் ஆடிச் சத்தம் போட்டதைக் கண்டு, தன் தாய்க்கும் சீனி குறைந்தால் இப்படித்தான் கை நடுங்கும், ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள் என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார். ஊரில் வீட்டுக்குள் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டு வந்தவர்கள் சப்பாத்தோடுதான் வந்தார்கள். போகும்போது வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மகள் ஆரணி காடு வளர்ப்பைப் படிக்கிறாள். இந்த நாட்டில் காட்டைப் பார்க்கிறவர் மானையும் பார்க்க வேண்டும். மான் பெருத்தால் இளங்கன்றுகளின் குருத்தையெல்லாம் தின்றுவிடும், காடு எழும்பாது என்று எனக்குப் பாடம் எடுத்தாள். வேட்டைப் பரீட்சை எழுதினாள், அனுமதிப்பத்திரம் எடுத்தாள், பிறகு அந்த அலுமாரி வந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்து, முடிக்க விடாமல் துரத்தப்பட்டவள். எத்தனையோ மரணங்களைக் கையால் துடைத்துச் சுத்தம் செய்தும், அவள் விடியலில் அந்தப் பையைத் தோளில் மாட்டிப் புறப்படும் நாட்களில் அவள் திரும்பி வரும்வரை சன்னலடியிலேயே நிற்பேன். விட்டுவிடு பிள்ளை என்று எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தேன். கடைசியில் அவளே ஓர் ஒப்பந்தம் சொன்னாள். ஒரே ஒரு தடவை நான் அவளோடு காட்டுக்கு வந்து முழுவதையும் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் நான் வேண்டாம் என்றால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அவள் சொன்னால் செய்வாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்காகவே அவளோடு போனேன்.

ஒக்டோபர் மாதத்துக் காலை. பீலெஃபெல்டுக்குத் தெற்கே குன்றுகளுக்குள், வீமன் என்ற ஓய்வுபெற்ற ஜேர்மன் தச்சர் குத்தகைக்கு எடுத்திருக்கும் வேட்டைக்காடு. அவர் மற்றப் பக்கத்தில் வேலி திருத்திக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் காற்று முகத்தில் அடிக்கும் திசையில் நடந்தோம். இந்த மெல்ல நடக்கும் வேட்டைக்கு பிர்ஷ் என்று பெயர். குதியை ஊன்றாமல் பாதத்தின் ஓரத்தை முதலில் வைத்து, சுள்ளி இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே உடலின் பாரத்தை இறக்க வேண்டும். சிறிது நடந்து, நெடுநேரம் நிற்க வேண்டும். ஆரணி இதை எனக்குக் காட்டித் தந்தாள். இப்படி நடக்க நான் அவளுடைய வயதிலேயே பழகியிருந்தேன். அப்போது தேடப்பட்டது நாங்கள்.

புல்வெளியின் விளிம்பில், முட்புதரின் இலைகளைக் கடித்துக்கொண்டு அது நின்றது. இங்கே ரே என்று அழைக்கும் இந்தச் சிறு மானைப் புள்ளிமானாக நினைத்துவிடாதீர்கள். ஒரு வெள்ளாட்டின் அளவுகூட இல்லை. குளிர்காலத்துச் சாம்பல் நிற மயிர், பின்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ஆரணி மூன்றுகால் தடியை விரித்துத் துப்பாக்கியை அதன்மேல் வைத்தாள். அதன் தொலைநோக்குக் கண்ணாடிக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு, இளம் பெண், குட்டி இல்லை என்று உதட்டசைவில் எனக்குச் சொன்னாள். தாயைச் சுட்டுக் குட்டியை அனாதையாக்கக் கூடாதாம், அது பெரிய குற்றமாம். பிறகு மூச்சை விட்டாள். நான் அவளுடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது, என் உடல் செய்தது. மகளின் பின்கழுத்தைப் பிடித்து நிலத்தில் அமுக்கி, அவள்மேல் குப்புறக் கிடந்தேன். அவளுடைய தலையை என் இரண்டு கைகளாலும் மூடியிருந்தேன். துப்பாக்கி சருகுக்குள் விழுந்து கிடந்தது. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. ஏதோ ஒரு பறவை மட்டும் கத்திக்கொண்டு போனது.

"அம்மா, எழும்புங்கோ. எனக்கு மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

எழும்பினேன். புல்வெளி வெறுமையாக இருந்தது. மான் எந்தப் பக்கம் ஓடியது என்று, ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

"நான் பாக்கேல்லை. நீங்கள் எனக்கு மேல கிடந்தீங்கள்."

குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சுட்டவர் அந்தக் கணத்தில் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். மான் எப்படித் துள்ளியது, முதுகை வளைத்ததா, எந்த மரத்துக்குப் பக்கத்தால் உள்ளே போனது, எல்லாமே அதிலிருந்துதான் தெரியும். அவள் பரீட்சைக்காக இதைச் சத்தமாகப் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. வெடி பட்ட இடத்தில் மயிரும் கொஞ்சம் இரத்தமும் இருந்தன. இரத்தம் கருஞ்சிவப்பு. ஈரலில் பட்டிருக்கிறது, உடனே சாகாது என்றாள். துரத்தவும் கூடாது, துரத்தினால் இன்னும் தூரம் இழுத்துக்கொண்டு ஓடும். தொலைபேசியில் வீமனை அழைத்துவிட்டு ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தாள். உள்ளே எங்கோ ஒரு உயிர் வயிறு கிழிந்து கிடக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்குள் ஒரு மூலையில், இனி இவளாகவே விட்டுவிடுவாள் என்ற ஆறுதலும் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை.

வீமன் சிவலை நிற நாயோடு வந்தார். மான் எப்படி அசைந்தது என்று கேட்டார். பார்க்கவில்லை என்றாள். ஏன் என்று கேட்டார். அம்மா கால் தடுக்கி என்மேல் விழுந்துவிட்டார் என்று ஆரணி ஜேர்மனில் சொன்னாள். என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்வதை அன்றுதான் கேட்டேன். என்னால் பொறுக்க முடியவில்லை. இல்லை, நான் விழவில்லை, இவள்மேல் படுத்தேன், எங்கள் நாட்டில் வெடி கேட்டால் பிள்ளையின் மேல் படுக்க வேண்டும் என்று என் ஜேர்மனில் சொன்னேன். வீமன் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து காதுக்குள் வைக்கும் மஞ்சள் பஞ்சு இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, முதல் தடவை எல்லோருக்கும் சத்தம் அதிகமாகத்தான் இருக்கும் என்றார். நான் நன்றி சொன்னேன்.

நாய் நீண்ட கயிற்றில் மூக்கை நிலத்தில் வைத்து இழுத்துக்கொண்டு போனது. அதன் பின்னே வீமன், பிறகு ஆரணி, கடைசியில் நான். ஓர் இலையில் ஒரு துளி, பிறகு நெடுந்தூரத்துக்கு ஒன்றுமில்லை, பிறகு ஒரு பன்னச் செடியின் இலையில் தேய்த்தது போல ஒரு கோடு. இந்த நாட்டில் காயப்பட்டதைத் தேடாமல் வீட்டுக்குப் போவது சட்டப்படி குற்றம். கடைசியில் ஓர் ஓடைக்கரை முட்புதருக்குள் அது படுத்திருந்தது. எங்களைக் கண்டு தலையை உயர்த்தியது, பின்கால்கள் எழும்பவில்லை. வீமன் நாயை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆரணியைப் பார்த்தார். அது அவளுடைய வேலை. அவள் துப்பாக்கியை உயர்த்துவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்ற மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தேன். வெடித்தது. நகத்துக்குள் மரப்பட்டை ஏறியது. ஆனால் நின்றேன்.

வீமன் தொப்பியைக் கழற்றினார். ஊசியிலை மரத்திலிருந்து ஒரு சின்னக் கிளையை முறித்து, மானின் வாயைத் திறந்து, பற்களுக்கிடையில் குறுக்கே வைத்தார். லெட்ஸ்ட்டர் பிஸ்ஸன், கடைசி வாய் உணவு என்றார். இன்னொரு கிளையை இரத்தத்தில் தொட்டுத் தொப்பியில் வைத்து ஆரணியிடம் நீட்டினார். அவள் அதில் ஒரு துண்டை முறித்து நாயின் கழுத்துப் பட்டியில் செருகினாள், தேடிக் கண்டுபிடித்தவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்பது முறை.

இடம்பெயர்ந்து நாங்கள் நடந்துகொண்டிருந்த வீதியில் ஷெல் விழுந்தபோது என் தங்கை சுகந்தி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். புழுதி அடங்கியபோது அவள் மல்லாந்து கிடந்தாள், வாய் திறந்தபடி, வாய்க்குள் மண். அம்மாவின் கையில் அரிசிப் பொட்டலம் இருந்தது. இரவு எங்கே தங்குகிறோமோ அங்கே கஞ்சி வைப்பதற்கு. அதில் ஒரு பிடி எடுத்துப் பிள்ளையின் வாயில் போட அம்மா குனிந்தார். அடுத்தது கூவிக்கொண்டு வந்தது. அப்பா அம்மாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த அரிசியை அன்றிரவு காய்ச்சிக் குடித்தோம். அவள் கிடந்த இடத்துக்கு யாரும் திரும்பிப் போக முடியவில்லை, தேடச் சொல்லி எந்தச் சட்டமும் இருக்கவில்லை. இதை நான் ஆரணிக்குச் சொன்னதில்லை. அந்தக் காட்டில், மான் கிளையைக் கவ்விக்கொண்டு கிடக்க, அதன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வீமனுக்குத் தமிழ் தெரியாது. மானுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆரணி கத்தியை எடுத்து, அடிவயிற்றிலிருந்து மேலே ஒரே இழுப்பாகத் திறந்தாள். ஆவி எழும்பியது. சிதைந்த ஈரலையும் குடலையும் அள்ளி வெளியே போட்டாள். வீமன் கொண்டுவந்திருந்த போத்தல் தண்ணீரால் உட்பக்கத்தைக் கழுவினாள். காரில் ஏறும்போது மட்டும், நீங்கள் வேண்டாம் எண்டால் விடுறன் அம்மா, என்றாள். நான் இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினேன்.

வீமனின் குளிர் அறையில் சில நாள் தோலோடு தொங்கிய பிறகு இறைச்சி வீட்டுக்கு வந்தது. கொழுப்பே இல்லாத, கிட்டத்தட்ட கறுத்த இறைச்சி. பயந்து ஓடிச் செத்ததால் இன்னும் கறுத்திருக்கிறது, வேகவும் நேரம் எடுக்கும் என்றாள். இரத்தம் கட்டிய பகுதிகளை அவள் வெட்டி எறிந்தாள், நான் மெல்லிய கத்தியால் வெள்ளிச் சவ்வை உரித்தேன். பின்காலை அவள் மோரில் ஊறப் போட்டுக் காட்டுக்காய்களோடு அடுப்பில் வாட்டி, இந்த நாட்டு முறைப்படி தொட்டுக்கொள்ளப் பழ ஜாமும் வைத்தாள். விலாவையும் முன்காலையும் நான் வறுத்த தூள், பெருஞ்சீரகம், றம்பை இலை போட்டுத் தேங்காய்ப்பாலில் வற்ற விட்டேன். என் கணவர் எட்டிப் பார்த்து, "மானுக்கு ஜாம் வைச்சுத் தின்னுற சனத்தோட சேந்து நீங்களும் கெட்டுப் போனியள். கறியை முதல் போடுங்கோ," என்றார்.

மூவரும் உட்கார்ந்தோம். ஆரணி சாப்பிடாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இன்னும் சொல்லேல்லை."

நான் ஒரு விலாத்துண்டை வாயில் வைத்தேன். கடித்தபோது பல்லில் நறுக்கென்றது. எலும்பில்லை, எலும்பு இப்படிப் பல்லைக் கூச வைக்காது. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் வெளிறி, எழும்பி வந்து, என் நாடிக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள்.

"துப்புங்கோ அம்மா."

துப்பினேன். அரிசிமணியிலும் சிறிய ஒரு உலோகச் சில்லு, மகளின் கையில், குழம்போடு கிடந்தது. என் இடது தொடைக்குள் இதேபோல ஒன்று இருக்கிறது, தங்கை விழுந்த அதே வீதியில் வாங்கியது. இங்குள்ள டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அது அங்கேயே இருந்து பழகிவிட்டது, எடுக்க வேண்டாம் என்றார்.

"சனிக்கிழமை காட்டுக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறாய்?" என்று கேட்டேன்.

அவள் கையை மூடிக்கொண்டாள். நான் வாயில் மிச்சமிருந்ததை மற்றப் பக்கத்துப் பல்லுக்குத் தள்ளி, மெல்ல மென்று விழுங்கினேன்.