தலையை எண்ணுகிறவள்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாக என் வேலையே உற்றுப் பார்ப்பதுதான். வார்த்து வரும் பாகங்களில் கீறல், குழி ஏதாவது இருந்தால் பிரித்து எடுத்து வைக்க வேண்டும். என் டேபிளைத் தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒருமுறை பயிற்சி என்று உட்கார வைத்து, ஒரே பாகத்தின் இரண்டு படங்களைத் திரையில் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஒன்றில் ஒரு போல்ட் இல்லை. படம் மாறியதுமே அந்த இடம் கண்ணைப் பிடித்து இழுத்தது. அடுத்த ஜோடிக்கு நடுவில் திரை ஒரு கணம் வெள்ளையாகிவிட்டு வந்தது. அவ்வளவுதான், எது மாறியது என்று தெரியாமல் முழித்தேன். மாறும்போது உண்டாகும் அசைவுதான் கண்ணை இழுக்கிறதாம், அதை மறைத்துவிட்டால் கண் ஏமாந்துவிடுமாம். சரிதான் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

நான் வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். கோவளத்து மீனவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். வார லீவில், படகு திரும்பும் நேரத்துக்கு நாத்தனாரோடு கரைக்குப் போவேன். என் கணவரும் அவள் கணவரும் ஒரே ஃபைபர் படகில் போகிறவர்கள். படகு அலை முறியும் இடத்தைத் தாண்டும்வரை அவள் என்னோடு பேசமாட்டாள். ஒவ்வோர் அலைக்கும், "ஒண்ணு, ரெண்டு" என்று முணுமுணுப்பாள். இரண்டே பேர், இதை என்ன எண்ணுவது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அன்றும் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் வைத்த கண் வாங்காமல் படகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய அலை ஒன்று எழுந்து படகை மறைத்தது. அது இறங்கியதும் அதே நீலப் படகு, அதே எஞ்சின் சத்தம். நல்லபடியாக வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஒரு தலதான் கீது அண்ணி," என்றாள் அவள். "எங்கண்ணனக் காணோம்."

அப்போதும் எனக்குத் தெரியவில்லை. முன்பக்கம் கயிற்றைப் பிடித்து நின்றவர் அங்கே இல்லை என்பது அவள் சொன்ன பிறகுதான் உறைத்தது. எஞ்சினைப் பிடித்திருந்த அவள் கணவர் பின்னால் வரும் அலையையே கவனித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் தலைத் துண்டை உருவி வீசிக்கொண்டு ஓடினாள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் மிதவைக்குக் காலி கேனோடு தண்ணீரில் குதித்தார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்று தேடிக்கொண்டிருந்தேன். கடல் முழுக்க நுரையும் அசைவுமாக இருந்தது. அதற்குள் என் கணவர் எங்கே என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

இழுத்து வந்து மணலில் போட்டார்கள். நெற்றியில் வெட்டு, வயிறு முட்ட உப்புத்தண்ணீர். வாந்தி எடுத்து முடித்து மூச்சு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணிலேர்ந்து உன்னப் பாத்தேன். கையத் தூக்கி ஆட்டினேன். நீ என்னையே பாத்துகினு இருந்த. எப்டியும் ஆள் வந்துரும்னு தெரியும், அதான் பயமே இல்ல."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். நாத்தனார் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் படகிலிருந்து மீனைக் கூடைக்கு அள்ளிக்கொண்டிருந்தாள். இன்றுவரை அவரிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.