இக்காஸ்ட் பொலிசில் முதல் ‘ஓம்’ செல்லாது

இக்காஸ்டுக்கு வழி கேட்டு எழுதுகிறீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது ஊர் பார்க்க அல்ல. டென்மார்க்கில் தமிழர் வழக்கு என்று பிறகு பெயர் பெற்ற காலம் அது. மனைவி பிள்ளைகளை அழைக்க நம்மவர்கள் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சர் மட்டத்திலேயே நிறுத்தப்பட்டு நகராமல் கிடந்தன. இக்காஸ்டில் வேலை செய்த நண்பன் யோகனின் மனைவியும் யாழ்ப்பாணத்தில்தான். அவனைப் பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சனி ஞாயிறு என்னோடு தங்கியிருந்தவனை நானே கூட்டிக்கொண்டு போனேன்.

நான் இருந்த ஓகூஸ் நகரிலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர். வழியில் ஏரிகள் வரும், தவறவிடாதீர்கள். யோகன் எதையும் பார்க்கவில்லை. பேயறைந்தவன் போல் இருந்தான்.

பொலிஸ் நிலையத்தில் நீல்ஸ் என்ற பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, “வாங்கோ அண்ணை, சிட் நெத்!” என்று கதிரையைக் காட்டினார். ஆடைத் தொழிற்சாலைத் தமிழ்ப் பெடியங்களோடு வாலிபால் ஆடிப் பழகிய டேனிஷ்-தமிழ்க் கலவை. பண்டிதர் கேட்டால் நெஞ்சைப் பிடிப்பார். எனக்கோ காதில் தேன்.

“உங்கட ஊர் றோலி ஆனா, திரும்பிப் போவியளே?” என்று கேட்டார். றோலி என்றால் அமைதி.

யோகன் துள்ளி எழுந்து கைகட்டி, “ஓம் சேர், ஓம்!” என்று தலையாட்டினான்.

அந்த ஓம் பதிவானால், திரும்பிப் போகிறவனுக்கு மனைவி எதற்கு என்று விண்ணப்பத்தையே தள்ளிவிடலாம். ஆனால் ஊரில் காக்கிச்சட்டைக்கு முன்னால் வேறு சொல் நமக்கு எங்கே வாயில் வந்தது?

நீல்ஸ் தட்டச்சில் கை வைக்கவில்லை. “அண்ணை, தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டா உங்கட ஆக்கள் முதல் வேண்டாம் எண்டுவினம். பிறகு குடிப்பினம். பொலிசுக்குச் சொல்லுற முதல் ஓமும் அப்பிடித்தான். நான் அதை எழுதுறேல்லை. இருந்து காஃபே குடியுங்கோ. பிறகு கேக்கிறன்.”

கோப்பை காலியானதும் அதே கேள்வியைக் கேட்டார். யோகன் இருந்தபடியே சொன்னான்: “இல்லை சேர். எனக்கு அங்க போகப் பயம். மனுசி இஞ்ச வரவேணும்.”

பொலிசுக்கு அவன் சொன்ன முதல் ‘இல்லை’ அதுதான். நீல்ஸ் அதைத் தட்டி முடிக்கும்வரை நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அனுமதி வரப் பல வருடங்கள் பிடித்தன. அது நீல்ஸின் கையில் இல்லை. தன் கையில் இருந்ததை அந்த மனிதர் ஒழுங்காகச் செய்தார்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள், ஞாயிறு ஊரே உறங்கும். தடித்த ஜாக்கெட் வேண்டும். எந்த அலுவலகத்திலும் உட்காராமல் பதில் சொல்லாதீர்கள்.

கடைசியாக நான் போனபோது, யோகன் வீட்டுக்கு நீல்ஸும் சாப்பிட வந்திருந்தார். “போதும் தங்கச்சி, போதும்!” என்று தட்டைக் கையால் மறைத்தார்.

யோகனின் மனைவி அந்தக் கையை விலக்கிச் சோற்றைப் போட்டார். “முதல் ‘போதும்’ நாங்கள் எழுதுறேல்லை, அண்ணை.”