உரச் சாக்கின் நீலம்

மகளுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் எனக்கு ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: விரால் சூப். இந்த ஊரில் தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் வேறு எதில் ஒத்துப்போகிறோமோ இல்லையோ, அறுத்த காயம் ஆற ஹாருவான் என்கிற விரால் மீன்தான் என்பதில் ஒத்துப்போவோம். அதுவும் குளத்தில் தீனி போட்டு வளர்த்தது ஆகாது. பாரிட்டில், அதாவது தோட்டத்து வாய்க்காலில், தானாக வளர்ந்ததாக இருக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கவலையே இல்லை. கோலா கங்சார் பக்கம், முன்பு ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த இடத்தை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் செம்பனை, எண்ணெய்ப் பனை, இருக்கிறது. அதன் ஓரமாக ஒரு பாரிட் ஓடுகிறது. என் தம்பி அங்கே போய்த் தூண்டில் போட்டு, வாளியில் துள்ளும் விராலோடு வந்தான்.

"அக்கா, நம்ம நெலத்து மீனு லா. கடையில கெடைக்காது," என்றான்.

இஞ்சி தட்டிப் போட்டு, மிளகு தூவி சூப் வைத்தேன். மகள் கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த தடவை அவன் கொண்டுவந்த மீனைக் கொஞ்சம் நிதானமாக அறுத்தேன். குடலைப் பிதுக்கியபோது விரலில் ஏதோ ஒட்டியது. முடி என்று நினைத்துக் குழாயில் கழுவினேன். நீலமாக இருந்தது. இன்னும் பிதுக்கினேன். இன்னும் நீல இழைகள், பொடிப் பொடியாகத் துணுக்குகள். அந்த நீலத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் உரச் சாக்கில் ஓடும் பட்டையின் நீலம் அது.

களைப்புல்லைக் கொல்லும் மருந்து அடிக்கத் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் பாரிட் வற்றிவிடும் என்பதால், காலி பிளாஸ்டிக் உரச் சாக்குகளில் மண்ணை நிரப்பி அதன் குறுக்கே அடுக்கி வைத்திருக்கிறேன். தோட்டத்தில் கூலிக்கு மருந்து அடித்த காலத்தில் கற்றுக்கொண்ட வேலை. அங்கே தேங்கும் தண்ணீரில்தான் மருந்து கலப்பேன். முடிந்ததும் மருந்து அடிக்கும் பம்பையும் அதிலேயே அலசுவேன். போன மாதம் ஒரு சாக்கைத் தூக்கியபோது, வெயிலில் மக்கிப்போய் இழை இழையாகக் கையோடு வந்தது. அதன் மேலேயே புதுச் சாக்கை வைத்துவிட்டு வந்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்.

கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் வாசலுக்குப் போய்த் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "வேற எடமே கெடைக்கலையாடா ஒனக்கு? அந்தச் சாக்குகிட்டயா போயி தூண்டில் போட்ட?"

"அங்கதானேக்கா மீனு கூடுது. நீ அடுக்குன சாக்குதானே?"

அவன் நியாயமாகத்தான் கேட்டான். அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. "கொடல வீசிட்டா முடிஞ்சிச்சு," என்று முணுமுணுத்தான்.

உள்ளே படுத்திருந்த மகளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. நான் போனபோது கைப்பேசியில் தேடிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சாக்கு இழை மட்டும் இல்லமா. மருந்து அதுல ஒட்டிக்குமாம். ரெண்டும் சேந்து மீனுக்குள்ள போனா, தனித்தனியா போறத விட மோசமாவும்னு போட்டிருக்கு. சாப்பிடுறவங்களுக்கு என்ன ஆவும்னுதான் தெளிவா இல்ல." பிறகு கேட்டாள்: "மொத நாளு குடிச்சதும் அங்க புடிச்சதுதானா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. "ஆமா," என்றேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். பிள்ளை சிணுங்கியது. எப்போதும் உடனே மார்பில் போட்டுக்கொள்பவள், அதை மடியிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பாலு குடுக்கவாமா?"

பிள்ளை பெற்றவளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று இந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிபவள் நான். சாக்கும் மருந்தும் தின்ற மீனைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிள்ளையின் அழுகை ஏறியது.

"குடு," என்றேன்.

என் பேச்சை நம்பிக் கொடுத்தாள். சூப்பையும் அப்படி நம்பித்தான் குடித்தாள்.