துடைக்கக் கூடாத கண்ணாடி

கல்லூரியில் அவளை எல்லோரும் பளபளா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர். இயற்பியல் கட்டடத்தின் துப்புரவு வேலை அவள் கைக்கு வந்த பிறகு, கதவுக் கைப்பிடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று மாணவர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. கோபமும் அப்படித்தான், எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

அன்று காலை துறைத்தலைவர் தன் அறையில் அவளை நிற்கவைத்திருந்தார். அதே துறையில் முதுகலை படிக்கும் அவள் மகளையும் வரவழைத்திருந்தார். மேசைமேல் மொட்டைமாடி அறையில் இருக்கும் தொலைநோக்கியின் வட்டக் கண்ணாடி கிடந்தது. முகமெல்லாம் கீறல், நடுவில் வெளுத்த திட்டு.

"சோப்புத் தூள் போட்டுத் தேய்ச்சியா?"

அவரைவிட வயதில் பெரியவள் அவள். இருந்தும் ஒருமைதான்.

"ஆமா சார். தூசி அப்பிக் கிடந்துச்சு."

"இதைத் தொட யார் சொன்னது?"

"நீங்கதான் சார். நேத்து மாடிக்கு வந்து, இந்த ரூம்ல ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாதுன்னு கத்தினீங்க."

"நான் தரையைச் சொன்னேன்."

"தரைன்னு நீங்க வாயே திறக்கலை சார்."

அவர் முகம் சிவந்தது. மகளின் பக்கம் திரும்பினார். "உங்கம்மா என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு நீயே சொல்லும்மா. அப்புறம் வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு எங்களைக் குறை சொல்லக் கூடாது."

மகளின் படிப்பு ஓடுவதே அந்த வேலையில்தான்.

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வீட்டுக் கண்ணாடியில பூச்சு பின்பக்கம் இருக்கும்மா. நீ எவ்வளவு தேய்ச்சாலும் முன்னாடி இருக்கற கண்ணாடி தாங்கிக்கும். இதுல அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசா. சோப்புத் தூள் அதை அரிச்சிடும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். துறைத்தலைவர் தலையாட்டினார். மகளின் குரல் ஏறியது.

"உலோகத்துல சில எலக்ட்ரான்கள் எந்த அணுவோடயும் ஒட்டாம இஷ்டத்துக்குச் சுத்தும். வெளிச்சம்ங்கறது ஒரு அலை. வந்து பட்டதும் அதுங்களைப் பிடிச்சு உலுக்கும். உலுக்கப்பட்ட எலக்ட்ரான்களும் அதுங்க பங்குக்கு அலையைக் கிளப்பும். அதனாலதான் வெளிச்சம் உலோகத்துக்குள்ள போக முடியாம திரும்பி வருது. நாம பாக்கற பளபளப்பு அதுதான்."

பளபளாவுக்குப் புரிந்தது. இத்தனை காலம் தேய்த்த குழாயும் கைப்பிடியும் மின்னியது அந்த எலக்ட்ரான்களின் வேலை. இவள் அழுக்கை விலக்கி வழிவிட்டாள், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். தன் வேலைக்கு உலை வைக்கும் நேரத்தில், நின்றுகொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"புரிஞ்சுதா?" என்றார் துறைத்தலைவர்.

"நல்லாப் புரிஞ்சுது சார். தொடாதேன்னு கதவுல ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தா அதுவும் புரிஞ்சிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும்."

"பேச்சுக்குக் குறைச்சல் இல்லை. கண்ணாடியே பாழாப்போச்சு."

"பாழாகலை சார்." மகளின் குரல் இப்போது தாழ்ந்திருந்தது. "பூச்சு மட்டும்தான் போச்சு. பழசைக் கரைச்சு எடுத்துட்டுத்தான் எப்பவுமே புதுசு பூசுவாங்க. இது மங்கிப்போச்சு, பூசக் கொடுக்கணும்னு போன மாசம் கிளாஸ்ல நீங்களே சொன்னீங்க."

துறைத்தலைவர் கண்ணாடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சரி, சரி. வேலையைப் பாருங்க. இனிமே அந்த ரூம் பக்கமே போகக் கூடாது."

"போகலை சார். தூசின்னு கூப்பிடவும் கூடாது."

வெளியே வந்ததும் மகள் சிரித்தாள். "காப்பாத்திட்டேன்ல?"

"போன மாசம் அவர் சொன்னது உனக்கு மொதல்லயே ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குடி அந்தாளு தலையாட்டத் தலையாட்டப் பாடம் நடத்தினே? நான் திருடி மாதிரி நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

மகளின் சிரிப்பு அடங்கிப்போனது. "அவர் கேட்டாரும்மா. நல்லா சொல்லணும்னு தோணுச்சு."

"நல்லாத்தான் சொன்னே. அதான் எரியுது."

அறை வாசலில் வைத்திருந்த வாளியைப் பளபளா எடுத்தாள். மகள் அதை வாங்கக் கை நீட்டினாள். "விடு. கிளாசுக்குப் போ" என்று பிடுங்கிக்கொண்டு பளபளா படியிறங்கினாள். படிக்கட்டின் பித்தளைக் கைப்பிடி என்ன பாவம் செய்ததோ, அன்று அது வாங்கிய தேய்ப்பு அப்படி.