டீக்கடையிலிருந்து கிளம்பிய தண்ணீர்

தாம்பரம் சுற்றுவட்டாரத்து மழைநீர் வடிகால்களைக் கணினி வரைபடத்தில் ஏற்றும் வேலை எனக்கு. ஐம்பதை நெருங்கும் வயதில் சாக்கடையோரமாக டேப் பிடித்து நடப்பதைத்தான் என் மனைவி உறவினர்களிடம் "மேப்பிங்ல இருக்கார்" என்று சொல்லி வந்தாள். நானும் திருத்தவில்லை.

வேலை எளிது. வடிகாலின் ஒரு முனையில் நின்று கைப்பேசியில் ஒரு தட்டு. வழியில் உள்ள ஒவ்வொரு மூடிக்கும் ஒரு தட்டு. மறுமுனையில் கடைசித் தட்டு. கோடு விழுந்துவிடும். கோட்டின் மேல் ஓர் அம்புக்குறியும் தானாக விழும், முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டை நோக்கி. அந்த அம்பின் திசையில்தான் தண்ணீர் ஓடுகிறது என்று அலுவலகம் எடுத்துக்கொள்ளும்; மழைக்காலத்தில் அம்பு முடியும் இடத்துக்குத்தான் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை வண்டியில் ஏற்றி அனுப்பும். உண்மையில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அம்பைச் சரிசெய்ய வேண்டும். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை பத்து மணிக்கு அனகாபுத்தூர் தையற்கடை அக்கா கூப்பிட்டார். ஆற்றங்கரையிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் தெருவில், தாழ்ந்த முனையில், தரைத்தளத்தில் அவர் கடை. வடிகாலை அளவெடுக்கப் போன நாட்களில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பழக்கம்.

"சார், தண்ணி இறைக்கிற மோட்டார் வந்துச்சு சார்."

"நல்லதுதானேக்கா?"

"வந்துச்சு. என் கடையாண்ட ஒரு ஆரன் அடிச்சிது. அப்டியே மேட்டுக்கு ஏறிப் போயிடுச்சு. கேட்டா, நீங்க போட்ட மேப்பாம். மத்தியானம் பெரிய மழைன்றாங்க. உள்ள ஆறு மிஷின் கீது, ஸ்கூல் யூனிஃபார்ம் துணி வெட்டி வெச்சது மூட்டை மூட்டையா கீது. போன வருஷமே எல்லாம் ஊறிப் போய், நகைய வெச்சுத்தான் மிஷின் வாங்கினேன். இந்த தபா ஊறிச்சின்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

மடிக்கணினியைத் திறந்தேன். அந்தத் தெருவில் மழைநீர் ஆற்றோரத்தில் புறப்பட்டு, மேடேறி, மூச்சு வாங்காமல் மெயின் ரோட்டை அடைந்துகொண்டிருந்தது. ஏன் என்று யோசித்தேன். அக்கா கடைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. தினமும் அங்கே டீ குடித்துவிட்டு, கிளாஸைக் கீழே வைத்த கையோடு முதல் தட்டைத் தட்டியிருக்கிறேன்.

வரைபடத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். எல்லா ஊரிலும் அதே கதை. சிட்லபாக்கத்தில் மழை வானத்திலிருந்து பெய்யவில்லை. மசால் வடை போடும் ஒரு கடையிலிருந்து பொங்கி நாலா திசையும் பரவியது.

நிதானமாகச் செயல்பட்டேன் என்று எழுத ஆசைதான். கோயம்புத்தூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று முதலில் பார்த்தேன். அம்பைத் திருப்புவதற்குப் பதில் தெருவையே திருப்ப முடியுமா என்றும் ஒரு நிமிடம் யோசித்தேன். விரல் வியர்த்ததில் கைப்பேசிக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. ஹெல்மெட்டை முன்பின்னாகக் கவிழ்த்துக்கொண்டு, ஏன் இருட்டாக இருக்கிறது என்று பயந்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

மேட்டு முனையில், காய்ந்த ரோட்டில், மோட்டார் நின்றிருந்தது. அதற்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிட்டது. பக்கத்தில் நாற்காலி போட்டு அந்த வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.

"வாங்க சார். எத்தனை வருஷமா மனு குடுக்கறேன், ஒரு தெருவிளக்கு வந்ததில்ல. இன்னிக்கு மோட்டாரே வந்திருக்கு."

"சார், உங்க வாசல்ல தண்ணியே நிக்காதே?"

"நிக்காதுதான். அதுக்காக வீடு தேடி வந்ததை யாராவது திருப்பி அனுப்புவாங்களா?"

மோட்டார் ஓட்டுபவரிடம் போனேன். "அண்ணா, பள்ளத்துக்கு எறக்கிடுங்கண்ணா."

"மேப்புல இங்கதான் போட்டுக்கீது. நானா எறக்கினா ஜே.இ. என்னக் காய்ச்சிடுவாரு. நீயே அவராண்ட பேசு சார்."

எங்கள் இளநிலைப் பொறியாளரான ஜே.இ.யிடம் பேசினால் என் வேலை போகும். வேறு வழி தேடி மோட்டாரை இரண்டு முறை சுற்றி வந்தேன். மேலாளர் நான் பிரதட்சிணம் செய்வதாக நினைத்து, "செருப்பக் கழட்டிடுங்க" என்றார். அப்போது என் கன்னத்தில் ஒரு துளி விழுந்தது. ஜே.இ. எண்ணை அழுத்தினேன்.

"சார், அனகாபுத்தூர் மோட்டார்கிட்டேர்ந்து பேசறேன். அம்பு தலைகீழா இருக்கு."

"எந்த அம்பு?"

"எல்லா அம்பும் சார்."

"எப்படிங்க?"

"டீ, சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "முதல்ல அந்தத் தெருவ மாத்துங்க. டிரைவர்கிட்ட போனைக் குடுங்க. மத்ததெல்லாம் சாயங்காலத்துக்குள்ள வரணும். உங்களை நாளைக்குப் பாத்துக்கறேன்."

மோட்டார் இறங்கத் தொடங்கியது. மேலாளர் விடவில்லை. தலைக்கு மேல் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அதற்குப் பின்னால் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு. ஜன்னல்களில் நின்று பார்த்தவர்கள் எந்தச் சாமி ஊர்வலம் என்று குழம்பியிருக்க வேண்டும்; ஒரு பாட்டியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா கடை வாசலில் நாற்காலி மறுபடி தரையில் இறங்கியது.

அக்கா மாலையைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குழாயப் போடச் சொல்லுங்க மொதல்ல."

தெருத் தண்ணீரை வெளியேற்றும் குழாயை ஆற்றுக்குள் போட்டு மோட்டார் உறுமியபோது மழை கொட்ட ஆரம்பித்துவிட்டது. கடைக்கு மூன்று படிகள். மூன்றாவதைத் தாண்டினால் உள்ளே வந்துவிடும். நாங்கள் மூவரும் மூட்டைகளை மேசைமேல் ஏற்றிவிட்டு, படியையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் படி மறைந்தது. இரண்டாவதும் மறைந்தது. மூன்றாவதின் விளிம்பில் தண்ணீர் நின்று யோசித்தது. என் வாழ்க்கையில் ஒரு படியை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது படி வெளியே தெரிந்தது.

"அது நான் வெச்ச எலுமிச்சம்பழம்" என்றார் மேலாளர்.

அக்கா மிஷினில் உட்கார்ந்து ஒரு சட்டைக் காலரைத் தைக்கத் தொடங்கினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த தெருவின் கோட்டைத் திறந்தேன். அவர் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தார்.

"அது தப்பு சார். அங்க பள்ளிக்கூடத்தாண்டேர்ந்து தண்ணி வருது."

திருப்பினேன்.

"அடுத்தது?" என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.