டேப்பைச் சுற்றி வைத்த பிறகு

நான் நிலம் அளப்பவன். வீடு திருத்தணியில், வேலை பெரும்பாலும் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களில். இருபத்திரண்டு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். நோட்டின் இடப்பக்கம் அன்றைய வேலை, நேரத்தோடு. வலப்பக்கம், படம் பார்த்திருந்தால் அதைப் பற்றி. பார்க்காத நாளில் அந்தப் பக்கம் வெறுமையாக இருக்கும்.

எனக்குப் பிடித்த படங்களில் முக்கால்வாசி, வெட்டும் குத்தும் நிறைந்தவை. ரத்தம் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். மோசமான இயக்குநர் கையில் யார் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. தெறிப்பது மட்டும் தெரியும். நல்ல இயக்குநர் முதலில் இடத்தைக் காட்டிவிடுவார். கதவு எங்கே, தூண் எங்கே, கத்தி வைத்திருப்பவனுக்கு எத்தனை அடி தூரம் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடும். ஒரு சண்டை முடிந்ததும் அந்த இடத்துக்கு என்னால் வரைபடம் போட முடிந்தால் அது நல்ல காட்சி. இதுதான் என் கணக்கு.

என் மனைவி இந்தப் படங்களுக்கு வருவதில்லை. திரும்பி வந்ததும் கேட்பாள்.

"இன்னிக்கி எத்தினி தல உருண்டுச்சு?"

"ஒண்ணுதான்."

"அய்ய, அப்போ பாதியிலயே எழுந்து வந்திருக்கலாமே!"

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தில் அரிசி மில்லுக்குள் ஒரு காட்சி. ஒருவன் கையை வெட்டுகிறார்கள். அரிவாள் இறங்கும் நொடியில் சத்தம் மொத்தமும் நின்றுவிடுகிறது. வெட்டுப்பட்டவனின் வாய் அசைகிறது, ஒன்றும் கேட்பதில்லை. வெளிச்சத்தில் உமி மிதக்கிறது. அன்று ஒரு பக்கம் போதாமல் தாள் ஒட்டி எழுதினேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை அண்ணன் தம்பி இருவருக்கு நிலம் அளக்கப் போயிருந்தேன். வேர்க்கடலை போட்ட நிலம். நடுவில் இருந்த எல்லைக்கல் நகர்ந்திருக்கிறது என்பது தம்பியின் புகார்.

வேலையில் எனக்கு ஒரு விதி உண்டு. டேப்பை இழுத்துப் பிடித்திருக்கும்போது இரண்டு தரப்பாரும் ஆறடி தள்ளி நிற்க வேண்டும், பேசக் கூடாது. பேசவிட்டால் ஆளுக்கொரு காதில் ஓதுவார்கள், எண் தவறிவிடும். அதையும் மீறிப் பேசினால் நான் காதில் வாங்குவதில்லை. இது ஊரெல்லாம் தெரிந்த விஷயம்.

அளந்து பார்த்ததில் தம்பி சொன்னதுதான் சரி. கல் ஒன்றேகால் அடி தம்பி பக்கம் தள்ளி நடப்பட்டிருந்தது. அதைச் சொல்லிவிட்டு, டேப்பைச் சுற்றிப் பையில் வைத்தபோது மணி பதினொன்று இருபது. அவர்கள் வரப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து தம்பி மண்வெட்டியை ஓங்கினான். நான் எட்டு அடி தள்ளி நின்றிருந்தேன்.

மண்வெட்டியில் ஈரமண் ஒட்டியிருந்தது. அவன் ஓங்கியதும் அந்த மண் இரண்டு கட்டிகளாகக் கழன்று விழுந்தது. அதன் பிறகுதான் இரும்பு இறங்கியது. அண்ணன் இடது கையைக் குறுக்கே கொடுத்தார். அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நான் நினைத்தது இதுதான்: மண் முதலில் விழுகிறது, இதை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

அண்ணன் மனைவி பம்புசெட்டிலிருந்து ஓடிவந்தார். என் தோளில் இருந்த துண்டைக் கேட்டார். கொடுத்தேன். அவரே கட்டினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

போலீஸ் விசாரணையில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. வெட்டு விழுவதற்கு முன் அண்ணன் என்ன சொன்னார்? "அம்மாவைச் சேர்த்துத் திட்டினான், முடிஞ்சா கல்ல நட்டுப் பாருடான்னான்" என்றான் தம்பி. "கல்ல எடுத்து நட்டுக்கோடான்னுதான் சொன்னேன்" என்றார் அண்ணன். கேட்டிருக்கக்கூடிய மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான்.

"அளக்கும்போது யார் பேச்சையும் காதில் வாங்க மாட்டேன். அது என் பழக்கம்" என்று சொன்னேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுதிக்கொண்ட போலீஸ்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். ஆனால் அப்போது நான் அளந்துகொண்டிருக்கவில்லை.

சில நாட்கள் கழித்து வேறு ஏதோ தேடுவதற்காக நோட்டைப் புரட்டினேன். அந்தச் செவ்வாய்க்கிழமையின் இடப்பக்கத்தில் அளவுகள், நேரங்கள், ஆஸ்பத்திரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. மண் கட்டிகள் விழுந்ததை மட்டும் வலப்பக்கத்தில் எழுதியிருந்தேன். அன்று நான் எந்தப் படமும் பார்க்கவில்லை. எழுதியபோது இது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் மனைவி வரைபடத்தின் நகல் வாங்க வீட்டுக்கு வந்தார். கணவருக்கு இரண்டு விரல் மடங்கவில்லை என்றார். அவர் பேச்சில் என் மேல் கோபமே இல்லை.

"நீங்க வேலையில இருந்தீங்க, உங்கள சொல்லி என்னாங்க ஆவப்போவுது. கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க."

"இல்லம்மா. அளந்து முடிச்சிட்டேன். டேப்பக்கூட சுத்தி வெச்சிட்டேன்."

அவர் நகலை மடிப்பதை நிறுத்தினார்.

"அப்போ அவரு பேசினது உங்க காதுல வுழுந்திருக்கணுமே?"

"விழுந்திருக்கும். நான் கேக்கல."

"பின்ன என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"பாத்துக்கினு இருந்தேன்."

"என்னாத்த?"

சினிமா என்று சொல்ல வாய் வரவில்லை. அவரே பேசினார்.

"துண்டு துண்டுன்னு கத்தினேனே, அதுவாச்சும் கேட்டுச்சா?"

என் காதில் ஒரே ஒரு முறைதான் விழுந்ததாக ஞாபகம். அப்படித்தான் எழுதியும் வைத்திருந்தேன். "எத்தனை தடவை கூப்பிட்டீங்க?" என்றேன்.

"புருசன் கையில ரத்தம் ஊத்திக்கினு கீது. எண்ணிக்கினா இருப்பாங்க?"

உள்ளேயிருந்து என் மனைவி காபியோடு வந்தாள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மனைவி டம்ளரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எத்தனை தலை என்று அவள் கேட்கவில்லை. அதன் பிறகும் கேட்டதில்லை.

அந்த அரிசி மில் காட்சியை மனதில் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அதில் ஏதாவது ஏமாற்று வேலை கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. நேர்மையாக எடுக்கப்பட்ட காட்சி. வெட்டுப்பட்டவன் என்ன சொன்னான் என்று நமக்குக் கேட்காமல் போவதுதான் அதன் கொடுமை. அதைக் கொடுமையாக உணராமல், அழகு என்று தாள் ஒட்டி எழுதியவன் நான்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். அதே போலீஸ்காரர்தான் இருந்தார். என் வாக்குமூலத்தைத் திருத்த வேண்டும், வெட்டு விழுந்தபோது நான் அளந்துகொண்டிருக்கவில்லை, சும்மாதான் நின்றேன் என்றேன்.

"சரி, அப்போ அவரு சொன்னது கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்பவும் கேக்கலன்னீங்க, இப்பவும் அதத்தானே சொல்றீங்க? என்ன சார் வித்தியாசம்?"

வித்தியாசத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் சொன்னதும் அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்னாங்க?" என்று கேட்டார்.